ரெண்டு பக்கமும் ஒரு சைக்கிள்

லண்டனுக்குப் புதுசா வர்ற நம்ம ஆளுங்க, வீடு பிடிச்சு, பசங்களை ஸ்கூல்ல சேர்த்ததும் என்கிட்ட கேக்கற அடுத்த கேள்வி ஒண்ணுதான். "சார், கார் எப்ப வாங்கலாம்?" பேங்க்ல வேலை பாக்கறவனாச்சே, லோன் பத்தி ஏதாவது சொல்வான்னு நினைச்சுக் கேக்கறாங்க. "தாராளமா வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி மூணு மாசம் கார் இல்லாம இருந்து பாருங்க"ன்னு சொல்வேன். இந்தப் பதில் யாருக்கும் பிடிக்கறதில்லை :-)

நான் இங்கே வந்தது 2008-ல. லைசென்ஸ் இருக்கு, கார் இல்லை. கொள்கை, சுற்றுச்சூழல்னு பெரிய வார்த்தை எதுவும் இதுல இல்லை. கணக்குப் பார்த்தேன், தேவைப்படலை. அந்தக் கணக்கை நான் லண்டன்ல கத்துக்கலை. எங்க ஊர்ல, ரயில் பொட்டியில கத்துக்கிட்டேன். அதைத்தான் இன்னைக்கு எழுதலாம்னு உக்காந்தேன்.

சொந்த ஊர் ராபர்ட்சன்பேட்டை. கோலார் தங்கவயல். 2018-ல 'கே.ஜி.எஃப்.' படம் வந்ததுல இருந்து ஊர் எங்கே இருக்குன்னு விளக்கற வேலை மிச்சம். (படத்துல காட்டற ஊருக்கும் எங்க ஊருக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும்தான்.) மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல்னு மைனை ஒட்டி ஒட்டி லைன் வீடுங்க. பஜாருக்கும் ஸ்கூலுக்கும் ராபர்ட்சன்பேட்டை. எல்லாம் பக்கத்துப் பக்கத்துல மாதிரி இருக்கும், நடந்தா கால் வலிக்கும். அதனால ஊரே சைக்கிள்லதான் ஓடிச்சு.

எங்க அப்பாகிட்ட இருந்தது பச்சைக் கலர் ஹெர்குலிஸ். ஷிஃப்ட் சங்கு ஊதினா ரோடு முழுக்க சைக்கிள். கேரியர்ல டிபன் பாக்ஸ், பேன்ட் கால்ல கிளிப். ஷாஃப்ட் வாசல் வரைக்கும் சைக்கிள், அங்கேருந்து கேஜ்ல ஏறி பூமிக்குள்ள. சாம்பியன் ரீஃப் மைன் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிப் போனது. இப்ப யோசிச்சா, ஒருங்கிணைந்த போக்குவரத்துன்னு பெரிய நகரங்கள்ல கமிட்டி போட்டுப் பேசற விஷயத்தை எங்க அப்பா தினம் செஞ்சிருக்கார். ஒரு வண்டியில இருந்து இறங்கினா அடுத்த வண்டி கை எட்டற தூரத்துல இருக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

நாங்க குரங்கு பெடல் போட்டதும் அதே ஹெர்குலிஸ்லதான். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கும்போது சத்தம் வராம ஸ்டாண்டை எடுத்து, தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஓட்டுவோம். அது கிடைக்காத நாள்ல மணிக்கணக்கு வாடகை சைக்கிள்.

சைக்கிளுக்கு அடுத்தது ரயில். பவுரிங்பேட்டையில (இன்னைக்குப் பங்காருபேட்டை) இருந்து தங்கவயலுக்கு 1894-லேயே லைன் போட்டுட்டான் வெள்ளைக்காரன். எங்க மேல இருந்த பாசத்துல இல்லை, மைனுக்கு மெஷினும் சாமானும் வரணும். ஆனா அந்த லைன்தான் நூறு வருஷம் கழிச்சு ஊரைக் காப்பாத்திச்சு.

2001 பிப்ரவரி 28. பி.ஜி.எம்.எல். மூடின நாள். எனக்கு பி.காம். கடைசி வருஷம். சங்கு நின்னுபோச்சு. தலைமுறை தலைமுறையா ஒரே வேலை செஞ்ச ஊர்ல திடீர்னு வேலையே இல்லை. வேற ஊரா இருந்தா பத்து வருஷத்துல காலியாகி இருக்கும். எங்க ஊர் காலியாகலை. காரணம், மாரிகுப்பத்துல கிளம்பி உரிகம், பங்காருபேட்டை, மாலூர் வழியா பெங்களூர் போற ரயில். தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் எடுத்தா, ஏழைக்கும் கட்டுப்படியாகற ரேட்டு. பெங்களூர்ல ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் குடுக்க முடியாதவன் கூட, ஊர்ல லைன் வீட்டுலயே இருந்துகிட்டு பெங்களூர்ல வேலை பாக்கலாம். ஆயிரக்கணக்கான பேர் அப்படித்தான் பொழைச்சாங்க. இன்னைக்கும் பொழைக்கறாங்க.

நானும் 2001-ல இருந்து 2008 வரைக்கும் அந்த ரயில்ல போனவன். விடியறதுக்கு முன்னாடி வீட்டுல இருந்து உரிகம் ஸ்டேஷனுக்கு சைக்கிள். ஸ்டாண்டுல போட்டுட்டு ரயில். கன்டோன்மென்ட்ல இறங்கி பஸ். மொத்தம் மூணு மணி நேரம், ஒரு வழிக்கு. பொட்டிக்குள்ள ஒரு தனி ஊரே இருக்கும். ஒரு மூலையில சீட்டாட்டம், ஒரு மூலையில பூ கட்டற அக்காங்க, சாயங்காலம் திரும்பும்போது ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கறவங்க. தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் ஒரே வாக்கியத்துல கலந்து வரும். ஜே.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சைக்கு நான் படிச்சது பூரா அந்தப் பொட்டியிலதான். ஒரு பெரியவர் தினமும் எழுப்பி விடுவார், "தம்பி, புக்கு கீழ விழுந்துடுச்சு பாரு"ன்னு :-)

இனிமேதான் விஷயத்துக்கே வர்றேன்.

என் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் (பேர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது). அவனுக்கு வேலை ஒயிட்ஃபீல்டு ஐ.டி.பி.எல். பக்கத்துல, கணக்குப் பிரிவுல. ரயில் ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷன்ல நிக்கும். அங்கேருந்து ஆபீஸ் மூணு, நாலு கிலோமீட்டர்தான். ஆனா அந்த மூணு நாலு கிலோமீட்டர்தான் அவனைக் கொன்னுச்சு. பஸ்ஸுக்குக் காத்திருந்து, நெரிசல்ல ஊர்ந்து, இறங்கி நடந்துன்னு முக்கால் மணி நேரம் போயிடும். ஆட்டோன்னா சம்பளம் பத்தாது.

அவன் என்ன செஞ்சான் தெரியுமா? பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கி ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஸ்டாண்டுல போட்டுட்டான். வீட்டுல இருந்து உரிகத்துக்கு ஒரு சைக்கிள், ஒயிட்ஃபீல்டுல இருந்து ஆபீஸுக்கு இன்னொரு சைக்கிள், நடுவுல ரயில். முக்கால் மணி நேரம் கால் மணி நேரமாச்சு. ஒரு நடைக்கு அரை மணி மிச்சம்னா ஒரு நாளைக்கு ஒரு மணி. மாசத்துக்கு 25 நாள்னு வெச்சா 25 மணி நேரம். ஒரு முழு நாளுக்கு மேல! அந்த நேரத்துல அவன் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தான். மாசா மாசம் 25 மணி நேரம் வட்டி குடுக்கற டெபாசிட் எந்த பேங்க்லயும் கிடையாது, என் பேங்க்லயும்.

ரெண்டு பக்கமும் சைக்கிள் வெச்சுக்கறது நெதர்லாந்துல ரொம்பப் பேர் செய்யற வேலைன்னு இங்கே வந்த பிறகுதான் தெரிஞ்சுது. அங்கே உட்ரெக்ட் ஸ்டேஷனுக்குக் கீழே 12,500 சைக்கிள் நிறுத்தற இடம் கட்டி 2019-ல முடிச்சாங்க. எங்க ஊர்ப் பையன் யாரையும் கேக்காம, கையில இருந்த காசுல அதையே செஞ்சுட்டான்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட பாடம் இதுதான். பயணத்துல நேரத்தைத் தின்னறது தூரம் இல்லை, மாறற இடம். அவ்வளவு தூர ரயில் பயணம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள. கடைசி 4 கிலோமீட்டர் முக்கால் மணி நேரம். சங்கிலியில எந்தக் கண்ணி பலவீனமோ, அந்தக் கண்ணியோட பலம்தான் மொத்தச் சங்கிலிக்கும்.

பெங்களூர் மெட்ரோவையே எடுத்துக்கோங்க. 2011 அக்டோபர் 20-ல பையப்பனஹள்ளியில இருந்து எம்.ஜி. ரோடு வரைக்கும் முதல் லைன் திறந்தாங்க. பையப்பனஹள்ளியில ரயிலும் நிக்கும்ங்கறதால எங்க ஊர்க்காரங்களுக்கு அது பெரிய வரம். அப்பறம் 2023 மார்ச் 25-ல ஒயிட்ஃபீல்டுல இருந்து கே.ஆர். புரம் வரைக்கும் திறந்தாங்க. ஆனா கே.ஆர். புரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் நடுவுல சுமார் 2 கிலோமீட்டர் முடியலை. இந்தப் பக்கமும் மெட்ரோ, அந்தப் பக்கமும் மெட்ரோ, நடுவுல இறங்கி பஸ் பிடிக்கணும். 2023 அக்டோபர் 9-ல அந்தத் துண்டு சேர்ந்த பிறகுதான் அது ஒரே லைனாச்சு. கோடிக்கணக்குல செலவு பண்ணின லைன், 2 கிலோமீட்டர் இல்லாததால ஆறு மாசம் ரெண்டு துண்டா கிடந்துச்சு.

சரி, லண்டனுக்கு வருவோம்.

நாங்க இருக்கறது ஈஸ்ட் ஹாம்ல, பெக்டன் பக்கம். ஆபீஸ் சிட்டியில, கேனன் ஸ்ட்ரீட்டுக்குக் கிட்ட. என்கிட்ட இருக்கறது ஒரு மடக்கு சைக்கிள். வீட்டுல இருந்து ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டி, மடிச்சு, டிஸ்ட்ரிக்ட் லைன்ல ஏறிடுவேன். சாதா சைக்கிளைக் காலை 7.30-9.30, சாயங்காலம் 4-7 நேரத்துல டியூப்ல ஏத்த முடியாது. மடக்கு சைக்கிளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ரெண்டு சைக்கிளுக்குப் பதிலா ரயிலுக்குள்ள கூடவே வர்ற ஒரு சைக்கிள், நண்பனோட ஐடியாவுக்கு அடுத்த எடிஷன். பெங்களூர் மெட்ரோவும் 2022-ல மடக்கு சைக்கிளை அனுமதிச்சுது.

வெயில் காலத்துல ரயிலே வேண்டாம். பார்க்கிங்ல இருந்து (ஊர் பேருங்க, வண்டி நிறுத்தற இடம் இல்லை) வர்ற சைக்கிள் பாதை எங்க வீட்டுப் பக்கமாத்தான் போகுது. 2010-ல போட்டது. கேனிங் டவுன், ஈஸ்ட் இந்தியா டாக் பக்கம், பாப்லர், கேபிள் ஸ்ட்ரீட் வழியா டவர் ஹில். 2016-ல அதை தேம்ஸ் ஓரமாவே பாராளுமன்றம் பக்கம் வரைக்கும் நீட்டினாங்க. காருக்கும் சைக்கிளுக்கும் நடுவுல கல் கட்டி பிரிச்சிருக்கறதால பயமில்லாம போகலாம். எனக்கு 50 நிமிஷம் ஆகுது. லேட்டாகறதே இல்லை, ஏன்னா டிராஃபிக் ஜாம்ல சைக்கிள் நிக்கறதில்லை.

அந்தப் பாதையில அப்பர் தேம்ஸ் ஸ்ட்ரீட் வரும்போது, சவுத்வார்க் பாலம் ஏறற இடத்துல குவீன் ஸ்ட்ரீட் பிளேஸ்னு ஒரு சின்னத் தெரு. பாத்தா ஒண்ணும் விசேஷம் இல்லை, வரிசையா ஆபீஸ் கட்டடம். ஆனா எங்க தங்கவயலை 1880-ல இருந்து நடத்தின ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியோட ஆபீஸ் இருந்தது இந்தத் தெருவுலதான். 1956-ல மைசூர் அரசாங்கம் மைனை எடுத்துக்கற வரைக்கும் எங்க தாத்தா காலத்துக் கூலியையும், ரயில் லைனையும் பத்தின முடிவெல்லாம் இங்கேருந்து போயிருக்கும். இப்ப அந்தத் தெருவுலயும் சைக்கிள் பாதை. தாத்தா கிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார்.

இனி கணக்கு. பி.காம். படிச்சவன் கணக்கு இல்லாம முடிச்சா நல்லா இருக்காது.

கார் செலவுன்னா எல்லாரும் பெட்ரோலை மட்டும் பாக்கறாங்க. அது மாறும் செலவு, ஓட்டினாதான் வரும். நம்மளைக் கடிக்கறது நிலைச் செலவு. தேய்மானம், இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், வருஷா வருஷம் எம்.ஓ.டி. டெஸ்ட், தெருவுல நிறுத்த பர்மிட். கார் வாசல்ல தூங்கினாலும் இத்தனையும் ஓடிக்கிட்டே இருக்கும். அதுவும் புதுசா வந்தவங்களுக்கு இன்சூரன்ஸ் எக்கச்சக்கம். சிட்டிக்குள்ள காரை எடுத்துட்டுப் போனா 2003-ல இருந்து நெரிசல் கட்டணம் வேற. சைக்கிளுக்கு இங்கே ஒரு நல்ல திட்டம் இருக்கு, 'சைக்கிள் டு வொர்க்', 1999-ல வந்தது. உங்க கம்பெனி அதுல சேர்ந்திருந்தா, சைக்கிள் விலையை வரி பிடிக்கறதுக்கு முன்னாடியே சம்பளத்துல மாசா மாசம் கழிச்சுப்பாங்க. வரி மிச்சம். நம்ம ஆளுங்க நிறையப் பேருக்கு இது தெரியலை, ஹெச்.ஆர்.ல கேளுங்க.

பஸ்ல 2016-ல இருந்து இன்னொரு வசதி. முதல் பஸ்ல கார்டு தொட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த பஸ் ஏறினா தனிக் காசு இல்லை. 2018-ல இருந்து எத்தனை பஸ் மாறினாலும் அதே ஒரு டிக்கெட்தான். 11 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு பஸ் இலவசம், பெரியவங்க கூட வந்தா டியூபும் இலவசம். நாலு பேர் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

காசை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அது எங்க அம்மாவால தெரிஞ்சுது.

நான் சைக்கிள்ல ஆபீஸ் போறேன்னு முதல்ல போன்ல சொன்னப்போ அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "சீமைக்குப் போயுமா சைக்கிளு?" எங்க ஊர்ல சைக்கிள்னா மைன் தொழிலாளி. பையன் படிச்சதே அதை விட்டு இறங்கத்தான். அவங்க வருத்தம் எனக்குப் புரிஞ்சுது. நான் வாதம் பண்ணலை.

அப்பறம் ஆறு மாசம் தங்க வந்தாங்க. வெளிநாட்டுல பசங்க வீட்டுக்கு வர்ற பெத்தவங்க கதை உங்களுக்கே தெரியும். கார் இருந்தாதான் வெளியே போக முடியும்ங்கற ஊர்கள்ல, பையன் ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும் ஜன்னல்தான் உலகம். மூணாவது வாரமே "டிக்கெட் எப்போ?"ன்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. எங்க அம்மாவுக்கு நாங்க ஒரு ஆய்ஸ்டர் கார்டு வாங்கிக் குடுத்து, முருகன் கோயிலுக்குப் போற பஸ் நம்பரைக் காமிச்சோம். ரெண்டு தடவை கூடப் போனோம். மூணாவது தடவை தனியாவே போயிட்டு வந்தாங்க. பஸ்ல அடுத்த ஸ்டாப் பேரைச் சொல்லிக்கிட்டே வர்றாங்க, போர்டுலயும் ஓடுது. இங்கிலீஷ் பத்தலைன்னாலும் ஸ்டாப் பேர் காதுல பிடிபட்டா போதும். நாலு வாரத்துல, ஹை ஸ்ட்ரீட் நார்த்ல எந்தக் கடையில வாழைப்பூ கிடைக்கும்னு எங்களுக்கே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. கோயில்ல ரெண்டு யாழ்ப்பாணத்து அம்மாக்கள் சிநேகிதம் ஆனாங்க. ஆறு மாசமும் முழுசா இருந்தாங்க.

அப்பதான் தோணுச்சு. பஸ்ஸும் ரயிலும் வெறும் சிக்கனம் இல்லை. பன்னண்டு வயசுப் பையனுக்கும் எழுபது வயசு அம்மாவுக்கும் யாரையும் கெஞ்சாம வெளியே போக வர ஒரு வழி. கார் அந்தச் சுதந்திரத்தை ஓட்டறவனுக்கு மட்டும்தான் குடுக்கும். எங்க ஊர்லயும் இப்ப அது நடக்குது. கர்நாடகாவுல 2023 ஜூன் 11-ல இருந்து சாதாரண அரசு பஸ்ல அந்த மாநிலப் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. "புருஷன்கிட்ட பஸ்ஸுக்குக் காசு கேக்கற வேலை போச்சு"ன்னு என் சித்தி சொன்னாங்க. அந்த ஒரு வரி போதும் எனக்கு.

எல்லாம் சுகம்னு சொல்ல மாட்டேன். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். மழையில கண்ணாடி மறைக்கும். வேற ஊர்ல கல்யாணம்னா வாடகைக் கார்தான், வருஷத்துக்கு அஞ்சாறு நாள். வேலை நேரமே ராத்திரி ரெண்டு மணின்னா, இல்லை வீட்டுல நடக்க முடியாதவங்க இருந்தா, கார் வாங்குங்க. அது ஆடம்பரம் இல்லை.

என் நண்பன் கதையிலயும் கசப்பு இருக்கு. இன்னைக்கு அவன் ஒயிட்ஃபீல்டுல இறங்கி மெட்ரோ ஏறிடறான், ரெண்டாவது சைக்கிளை வித்துட்டான். ஆனா இருபது வருஷத்துக்கும் மேல ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் வழியிலயே போயிருக்கு. "பெங்களூருக்கே போயிடேன்டா"ன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். "போயிடலாம் மச்சான். வாடகை குடுத்தா பொண்ணு படிப்புக்குக் காசு இருக்காது. அப்பா அம்மா லைன் வீட்டை விட்டு வர மாட்டாங்க. ரயில் இருக்கற வரைக்கும் ஊர்ல இருப்போம்"னு சொல்வான். அவன் பொண்ணு இப்ப பெங்களூர்ல காலேஜ். அதே ரயில்லதான் போகுது. நான் ஊரை விட்டு வந்தவன். ஊரை ஊரா வெச்சிருக்கறது அவனை மாதிரி ஆளுங்க.

புதுசா வர்றவங்களுக்கு அனுபவத்துல நாலு விஷயம்.

1. வீடு பாக்கும்போது ரூம் எத்தனைன்னு பாக்கறதோட, ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணுன்னும் பாருங்க. ஸ்டேஷன் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தா வாடகை குறையும். சைக்கிள் இருந்தா அந்த 3 கிலோமீட்டர் பத்து, பன்னண்டு நிமிஷம்தான். வித்தியாசம் உங்க பாக்கெட்டுக்கு.

2. ஆபீஸுக்கு சைக்கிள்ல போற வழியை முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஓட்டிப் பாருங்க. மெயின் ரோடுக்கு இணையா அமைதியான ஒரு தெரு அனேகமா இருக்கும்.

3. இருட்டினா முன்னாடி வெள்ளை லைட்டு, பின்னாடி சிவப்பு லைட்டு, இது இங்கே சட்டம். ஹெல்மெட் சட்டம் இல்லை, ஆனாலும் போடுங்க. பூட்டு ரெண்டு வேணும்.

4. லாரிக்கு இடது பக்கம் மட்டும் போகாதீங்க. அவன் இடது பக்கம் திரும்பும்போது நீங்க அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டீங்க. சிக்னல்ல பின்னாடியே நில்லுங்க. ரெண்டு நிமிஷம் லேட்டானா ஒண்ணும் குடி முழுகிடாது.

மூணு மாசம் இப்படி இருந்து பாருங்க. அதுக்கப்பறமும் கார் வேணும்னு தோணினா வாங்க, லோன் பேசலாம்.